வேகம் மேலிருந்துதான் வரும்

"யாரும் நடக்காதீங்க! யாரும் ஃபேன் போடாதீங்க! முடிஞ்சா மூச்சுகூட மெதுவா விடுங்க!"

பட்டியல்காரர் தரையில் மண்டியிட்டிருந்தார். எதிரே, பக்கப் பலகை கழற்றிய கணினி. கையில், 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதிய கோப்பு. அந்த அலுவலகத்தில் ஓர் அவசரக் கோப்பு உருப்படியான வேலைக்குப் பயன்பட்டது அன்றுதான் முதல் தடவை. அதை இரண்டாக மடித்துக் கணினியின் வயிற்றுக்குள் விசிறிக்கொண்டிருந்தார்.

திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. 69 சதவீதம். 70.

"தாங்கிக்கடா ராஜா. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

71.

திரை கறுத்தது. உள்ளேயிருந்து கருகல் வாசனை ஒன்று எழுந்து, சாவகாசமாக அவர் மூக்கைத் தேடி வந்தது.

காலை மணி 9.40. இந்த வாரத்தில் இது நான்காவது மரணம். நான்கும் சரியாக 71-இல்.

அது ஆசிரியர் இடமாற்ற அலுவலகம். பதினோராயிரம் ஆசிரியர்களின் விண்ணப்பங்களை அலசி, யாரை எங்கே அனுப்புவது என்று பட்டியல் போடும் வேலை பட்டியல்காரருடையது. அந்தப் பட்டியல் அன்று மாலை ஐந்து மணிக்குள் வெளியாக வேண்டும். ஐந்து அடித்து ஒரு நிமிஷம் ஆனாலும் பதினோராயிரமும் காலாவதி. அப்புறம் அடுத்த வருஷம்தான்.

அந்தப் பதினோராயிரத்தில் ஒன்று அவர் மனைவியுடையது. ஒன்பது மணி நேரம் பேருந்தில் போக வேண்டிய ஊரில் கணக்கு டீச்சர். நான்கு வயது மகள் அம்மாவோடு. வாரம் ஒரு நாள் தலைகாட்டும் இந்த மனிதருக்கு அந்தக் குழந்தை வைத்திருக்கும் பெயர் 'ஞாயித்துக்கிழமை அப்பா'. போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அவள் மிகுந்த அக்கறையோடு விசாரித்திருக்கிறாள்: "உங்க வீட்டுல திங்கக்கிழமைக்கு யாரு அப்பா?"

சென்ற வருஷம் இரண்டே இரண்டு பேர் பணி மூப்பில் முந்திக்கொண்டதால் மனைவிக்கு இடமாற்றம் கை நழுவியது. அந்த இரண்டு பேரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இந்த வருஷம் கிடைத்தே தீரும், பட்டியல் என்று ஒன்று வந்தால்.

"கொண்டாந்துட்டேன்யா!"

வாசலில் கழட்டி அண்ணன் நின்றிருந்தார். அலுவலகத்துக் கணினிகளைப் பழுது பார்ப்பவர். நரைத்த மீசை, காதிடுக்கில் திருப்புளி. எதையும் கழற்றத்தான் பார்த்திருக்கிறார்கள், மாட்டிப் பார்த்தவர்கள் இல்லை. அதனால் அந்தப் பெயர்.

அவர் கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. புது பிராசஸர். கணினியின் மூளை. விண்ணப்பித்துப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

"பழசு அஞ்சு மணி நேரம் முக்கி முனகி, முடிக்காமலே மண்டையப் போடற வேலைய இது முக்கா மணி நேரத்துல முடிச்சுடும். நகரு."

விசிறியைக் கழற்றி, பழைய மூளையின் மேலிருந்த காய்ந்த பசையைத் துடைத்து, அதை அவர் வெளியே எடுத்தார். புதியதை இரண்டு விரலால் பிடித்துப் பள்ளத்தின் மேல் கொண்டுபோனார். இன்னும் அரை அங்குலம்.

"நிறுத்து!"

கண்காணிப்பாளர். அந்தப் பிரிவின் தலைவர். மூச்சிரைக்க ஓடி வந்திருந்தார். கையில் ஒரு தாள் படபடத்தது.

"சுற்றறிக்கை நாப்பத்திநாலு! வாசிக்கறேன், கேளு. 'கீழ்நிலைப் பணியாளரின் கணினி, தமது மேல்நிலை அலுவலரின் கணினியைவிட எவ்வகையிலும் வேகமாக இயங்குதல் கூடாது.' இப்ப நீ அதை உள்ள வெச்சியோ, நீ கெட்ட."

"சார், பட்டியல் ஓடறது என் மெஷின்லதான்."

"ஓடட்டும். மரியாதையா ஓடட்டும். நான் நடக்கறப்ப நீ ஓடினா, பாக்கறவன் என்ன நெனப்பான்?"

"உங்க மெஷின்ல நீங்க சீட்டுதானே சார் ஆடறீங்க?"

"சீட்டுன்னு சொல்லாதய்யா. முடிவெடுக்கும் பயிற்சி."

"அப்ப இத நீங்களே வெச்சுக்கிட்டு, உங்களோடத எனக்குக் குடுங்க சார். எதுவா இருந்தாலும் என்னோடதவிடத் தேவலை."

"நான் ஓடினா ஐயா நடக்கணுமே! ஐயா நடக்கலாமா?" கண்காணிப்பாளர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "புதுசு ஐயாவுக்கு. ஐயாவோடது எனக்கு. என்னோடது உனக்கு. மேல மழை பெஞ்சா கீழ தானா வந்து சேராதா?"

ஐயா என்றால் இயக்குநர். மேல் மாடியில் இருப்பவர். அலுவலகத்தின் உச்சி.

கழட்டி அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "இந்த சிப்பு இந்த போர்டுக்குன்னு பாத்து வாங்கினது சார். உங்க போர்டுல உக்காராது. ஐயாவோடது..." என்று இழுத்தவர், மீதியை விழுங்கிவிட்டார்.

"எங்க உக்காரணும்னு முடிவு பண்றது சிப்பா, நிர்வாகமா? நான்கூடத்தான் இந்த நாற்காலிக்குப் பொருந்தமாட்டேன்னு அன்னிக்கு ஊரே சொல்லிச்சு. உக்காரலையா?"

கழட்டி அண்ணன் சிப்பைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

பத்தே காலுக்கு 'செயலி மேம்பாட்டு மேற்பார்வைக் குழு' கூடியது. தலைவர், கண்காணிப்பாளர். செயலாளரும் அவரே. செயலாளர் முன்மொழிந்ததைத் தலைவர் வழிமொழிந்தார். இருவருக்கும் இடையே ஒரு கருத்து வேறுபாடுகூட வந்தது. அது தீர அரை மணி நேரமாயிற்று. பட்டியல்காரர் 'பாதிக்கப்பட்ட தரப்பு' என்ற முறையில் நின்றுகொண்டே கவனித்தார்.

முதல் தீர்மானம்: பழைய பாகத்தை ஒப்படைக்காதவருக்குப் புதிய பாகம் கிடையாது.

அதன்படி பதினொன்றரைக்குப் பட்டியல்காரர் கணினியிலிருந்து கழற்றிய மூளை பழுப்பு உறையில் போடப்பட்டது. அரக்கு முத்திரை. எண் ஒன்று. கண்காணிப்பாளருடையது எண் இரண்டு. இரண்டும் பீரோவுக்குள் போயின. அந்தத் தளத்தில் இப்போது மூளை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வேலை எப்போதும்போல் நடந்தது.

இரண்டாவது தீர்மானம்: சிப்பின் மேல் தடவுவதற்கு, சூடு கடத்தும் பசை வேண்டும். பண்டக சாலைக்குக் கடிதம் போனது. பன்னிரண்டரைக்குப் பதிலோடு ஒரு பாட்டில் கோந்து வந்தது.

"இது தபால் ஒட்டற கோந்து சார்!" என்றார் கழட்டி அண்ணன்.

"பசைதானே கேட்ட?"

"சூடு கடத்தணும் சார்."

"வெயில்ல வெச்சுத் தடவு."

கழட்டி அண்ணன் தம் சட்டைப்பைக்குள் இருந்த சொந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முப்பது வருஷ சர்வீஸில் கற்றது அது.

ஒரு மணிக்கு மனைவியின் ஃபோன்.

"என்னங்க, லிஸ்ட் வந்துடுச்சா?"

"வந்துடும்மா. கொஞ்சம் லேட்டாகுது."

"எங்க நிக்குது?"

"மூளை கவருக்குள்ள இருக்கு."

"யாரு மூளை?"

"என்னுது, சூப்பிரண்டுது. ரெண்டுக்கும் சீல் வெச்சாச்சு. மேல ஐயாவுது கழட்டினாத்தான் எங்களுக்குக் கிடைக்கும்."

"வெயில்ல எங்கயாவது ரொம்ப நேரம் நின்னீங்களா?" என்றாள் மெதுவாக. பிறகு, "இருங்க, இவ பேசணுங்கறா."

"அப்பா?" குழந்தையின் குரலில் சந்தேகம். "இன்னிக்கு வெள்ளிக்கிழமதான? நீ ஏன் பேசற?"

பட்டியல்காரர் ஃபோனை வைத்துவிட்டு, மூளையில்லாத தம் கணினியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார். பின்னால் கண்காணிப்பாளர், கையில் தீர்மானப் புத்தகத்தோடு. அதற்கும் பின்னால் கழட்டி அண்ணன், பெட்டியோடு.

மேலே சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும். பூசாரி, இயக்குநரின் பி.ஏ. அம்மா. ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பார், அதற்குக் கீழே கோப்பைப் பார்ப்பார்.

"ஐயா மீட்டிங்ல இருக்காரு."

"யாரோட?"

"தனியா."

"அம்மா, ஐயாவோட கணினியத் திறந்து..." என்று ஆரம்பித்தார் கண்காணிப்பாளர்.

பி.ஏ. அம்மாவின் பேனா நின்றது. "எதுக்கு? நல்லா ஓடற வண்டிய யாராவது நடு ரோட்ல கழட்டுவாங்களா? அதுல ஐயா தவிர யாரும் கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு."

"குழுவோட தீர்மானம் இருக்கும்மா."

"உத்தரவு தீர்மானத்துக்குப் பெருசு."

"சுற்றறிக்கை உத்தரவுக்குப் பெருசு!"

இப்படி ஒன்றன் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டே போக, மணி இரண்டாகி, இரண்டரையாகி, மூன்றாயிற்று. பட்டியல்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். மாட்ட ஒரு கால் மணி. நாலுக்கு மேல் போனால் கதை முடிந்தது.

"அம்மா, கையெடுத்துக் கும்பிடறேன்..."

பி.ஏ. அம்மா அவரைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு கணம் பார்த்தார். எதுவோ சொல்ல வந்தார். அதற்குள் உள்ளே மணி ஒலித்தது. சத்தம் கேட்டு இயக்குநருக்கு மீட்டிங் கலைந்துவிட்டது.

நீள அறை. பெரிய மேஜை. அதன்மேல் ஒரு தாள்கூட இல்லை. நடுநாயகமாக இயக்குநர், பக்கத்தில் பளபளக்கும் கணினி. அதன் திரை கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பில் ஒரு சிறிய நீலக் கட்டம் மூலைக்கு மூலை மெல்ல மிதந்துகொண்டிருந்தது. அதில் எழுதியிருந்தது: 'சிக்னல் இல்லை.'

கண்காணிப்பாளர் விஷயத்தைச் சொன்னதும் இயக்குநருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எழுந்து நின்றார். எழுந்தால் பேச்சு என்று அர்த்தம்.

"வேகம்! வேகம் மேலிருந்துதான் வரும். நான் இங்க பொறுப்பேத்தப்ப எப்படி இருந்துது? ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தா, திரும்பிப் போக ஆறு மாசம். இப்ப? கோப்பு என் மேஜைக்கு வர்றதே இல்ல! அதாங்க கணினிமயம்."

கண்காணிப்பாளர் கை தட்டினார். பட்டியல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். 3.14.

"தினம் காலைல வந்து இந்த பட்டனை அமுக்குவேன். பத்து நிமிஷம் திரையையே பாப்பேன். அமைதியா இருக்கும். ஒரு புகார் கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. கீழ உங்க கணினிகள்ல என்னென்னவோ எழுத்தெல்லாம் ஓடுதாமே? கேள்விப்பட்டேன். வருத்தமா இருந்துது. நிர்வாகம் சரியில்லேன்னாத்தான் அவ்வளவு எழுத்து வரும். இங்க பாருங்க, ரெண்டே வார்த்தை. 'சிக்னல் இல்லை.' என்ன அர்த்தம்? தடை இல்லை, போயிட்டே இரு! இந்தப் பதவிக்கு இதைவிட ஒரு வாசகம் உண்டா?"

"கிடையாது சார்," என்றார் கண்காணிப்பாளர், கண் கலங்க.

பேச்சு 3.31-க்கு முடிந்தது. "ம், திறங்க."

கழட்டி அண்ணன் காதிடுக்கிலிருந்து திருப்புளியை எடுத்தார். ஒரு திருகு. இரண்டு. பக்கப் பலகை வழுக்கிக்கொண்டு வந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமே இல்லை. போர்டு இல்லை, விசிறி இல்லை, ஒரு கம்பித் துண்டு இல்லை. நான்கு தகரச் சுவர்களுக்கு நடுவே சுத்தமான காற்று.

நீலக் கட்டம் மட்டும் ஒரு மூலையில் முட்டித் திரும்பியது.

இயக்குநர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கேன், பாத்தீங்களா? ஒரு தூசி இருக்கா? கீழ உங்களோடதெல்லாம் ஒரே குப்பையும் கம்பியுமா கிடக்குமே!"

பட்டியல்காரர் வாயைத் திறந்தார். கண்காணிப்பாளர் அவர் காலை மிதித்தார். "உள்ள நல்ல விசாலம் சார்," என்றார்.

"ம். புதுசை வைங்க."

கழட்டி அண்ணன் மட்டும் அதிர்ந்ததாகத் தெரியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார். அட்டைப் பெட்டியைப் பிரித்தார். உள்ளிருந்த பிளாஸ்டிக் தட்டைப் பயபக்தியோடு வெற்றிடத்தின் நடுவில் வைத்தார். பலகையை மூடித் திருகுகளை முடுக்கினார்.

இயக்குநர் பட்டனை அமுக்கினார். நீலக் கட்டம் மிதந்தது.

"அடேயப்பா! முன்னைவிட என்ன வேகமா மிதக்குது!"

கை தட்டல். அடுத்து, ஐயாவின் 'பழைய மூளை' கண்காணிப்பாளருக்கு வழங்கப்பட வேண்டும். கழட்டி அண்ணன் ஒரு காலி உறையை ஒட்டி நீட்டினார். கண்காணிப்பாளர் இரண்டு கையாலும் வாங்கி எடை பார்த்தார். காற்று கனத்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்.

மாடிப்படியில் பட்டியல்காரர் கழட்டி அண்ணனை வழிமறித்தார். "போச்சுண்ணே. புது சிப்பும் போச்சு. அந்தக் காலி டப்பாக்குள்ள சமாதி கட்டிட்டீங்களே!"

"சமாதில வெறும் தட்டுதான் இருக்கு," என்று கழட்டி அண்ணன் உள்ளங்கையை விரித்தார். சின்ன சதுரம் பளிச்சிட்டது. "முன்னாடி ஓடு. பவர் போட்டு வை."

3.54-க்குப் புது மூளை தன் சொந்த இடத்தில் உட்கார்ந்தது. மேலே தபால் கோந்து அல்ல, சொந்தக் குழாய்ப் பசை. 3.57-க்குப் பச்சைக் கோடு கிளம்பியது. 10. 20. பட்டியல்காரர் நகத்தைக் கடித்து முடித்து, பேனா மூடிக்கு வந்திருந்தார். 68. 69. 70. 71.

72.

வாழ்நாளில் 72 என்ற எண்ணை அவ்வளவு அழகாக அவர் பார்த்ததில்லை.

4.41-க்குப் பட்டியல் திரையில் விரிந்தது. வரிசை எண் 117. மனைவியின் பெயர். எதிரே, இந்த ஊர்ப் பள்ளிக்கூடம். ஃபோனை எடுத்தார். எண்ணை அழுத்தும்முன் திரையின் அடியில் ஒரு வரி முளைத்தது.

'பட்டியல் இயக்குநரின் கணினிக்கு ஒப்புதலுக்காக அனுப்பப்பட்டுள்ளது. 5.00 மணிக்குள் ஒப்புதல் வராவிடில் தானாக ரத்தாகும்.'

இயக்குநரின் கணினிக்கு. ஒவ்வொரு வருஷமும் வரும் வரிதான், உள்ளே காலி என்று தெரிந்தபின் படிப்பது இதுதான் முதல் தடவை.

ஃபோன் கையிலேயே இருந்தது. பட்டியல்காரர் கண்காணிப்பாளரின் அறைக்குப் பாய்ந்தார்.

"சார்! ஒப்புதல் ஐயா மெஷின்லேர்ந்துதானே வரணும்!"

"வரும். அதான் புது சிப்பு போட்டிருக்கே. முதல்ல உன் பட்டியலுக்குத்தான் வரும்."

"சார், அதுக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு உங்களுக்கும் தெரியும்!"

"தெரியும்னு நான் எழுத்துல குடுத்திருக்கேனா?" கண்காணிப்பாளர் கைப்பையை மாட்டிக்கொண்டார். "உன் மெஷின்ல கோடு எப்படி ஓடுச்சுன்னு நானும் கேக்கல. நீயும் கேக்காத. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

மணி 4.50. படிகளை மூன்று மூன்றாகத் தாண்டினார் பட்டியல்காரர். இயக்குநர் அறை பூட்டியிருந்தது. முன்னறையில் பி.ஏ. அம்மா, தம் மேஜையில் குனிந்தபடி.

"ஐயா எங்கம்மா?"

"நாலரைக்கே கிளம்பிட்டாரு. புது மெஷின் வேகத்துல வேலையெல்லாம் முடிஞ்சுடுச்சாம்."

"அம்மா..." அவருக்கு மூச்சு வாங்கியது. "என் பொண்ணு இன்னிக்கு ஏன் வெள்ளிக்கிழமை பேசறேன்னு கேட்டாம்மா. சுத்தியல் இருந்தா குடுங்க, பூட்ட உடைக்கறேன். உள்ள ஒண்ணும் இல்லேன்னாலும் பரவால்ல, அது முன்னாடி உக்காந்து கத்தவாவது கத்தறேன்."

"கத்தாத. கதவச் சாத்திட்டு உள்ள வா. வெளிச்சத்த மறைக்காம நில்லு. எட்டு நிமிஷமா படிச்சிட்டிருக்கேன், இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி."

அப்போதுதான் அவர் பார்த்தார். திறந்திருந்த மேஜை இழுப்பறைக்குள் ஒரு பழைய மடிக்கணினி. கீல் உடைந்து டேப் சுற்றியிருந்தது. அதன் திரையில், அவருடைய பட்டியல். மேல் மூலையில்: 'வணக்கம், இயக்குநர் அவர்களே.'

பி.ஏ. அம்மா ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் நின்றார். "இந்தம்மா போன வருஷமே ஓய்வு பெற்றுட்டாங்களே, எப்படிப்பா உள்ள வந்தாங்க?" அடித்தார். அடுத்த பக்கம். கடைசிப் பெயர். 4.57-க்கு ஒரு விசையைத் தட்டினார்.

'ஒப்புதல் அளிக்கப்பட்டது.'

பட்டியல்காரர் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"எத்தன நாளாம்மா இது?"

"நாலு வருஷம் ஆகுது. எல்லாம் என் பையன் தூக்கிப் போட்ட இந்த டப்பாலதான்."

"ஐயா மெஷின் காலியா கிடக்குன்னு அன்னிக்கே ஏம்மா எழுதிப் போடல? அவ்ளோ பெரிய ஆளுக்கு ஒரே நாள்ல சரி பண்ணிக் குடுத்திருப்பாங்களே!"

பி.ஏ. அம்மா மடிக்கணினியை மூடினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்.

"காலியா கிடந்துதா? நாந்தான்யா கழட்டி அண்ணனக் கூப்பிட்டு, உள்ள இருந்தது அத்தனையும் உருவச் சொன்னேன். நீ வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் அந்த மெஷின் நல்லா ஓடிச்சு. அந்த ரெண்டு வருஷமும் ஐயா தினம் அதுல உக்காந்து வேலை பாத்தாரு. ஒரு லிஸ்ட்டாவது வெளிய வந்துதான்னு கீழ போய்க் கேட்டுப் பாரு."